எண்ணெய் நிறுவனக் கைமாற்றமும் சிறு முதலீட்டாளர் எதிர்பார்ப்பும் (2002–2022)

ஆய்வுச்சுருக்கம்

இந்தியப் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் உரிமை வேறு கைக்கு மாறப்போகிறது என்ற செய்தி 2002 முதல் 2022 வரை பலமுறை எழுந்தது. ஒவ்வொரு முறையும் சிறு முதலீட்டாளர்கள் அந்நிறுவனங்களின் பங்குகளை எதிர்பார்ப்போடு வாங்கினர். ஐ.பி.பி. (2002), எச்.பி.சி.எல். (2003, 2018), பி.பி.சி.எல். (2019–2022) ஆகிய நான்கு நிகழ்வுகளை இக்கட்டுரை வரிசைப்படுத்தி ஆராய்கிறது. இந்த எதிர்பார்ப்புக்கு அடிப்படையாக இருந்தது நிறுவனத்தின் மதிப்பு மட்டுமன்று. 'ஓப்பன் ஆஃபர்' என்னும் ஒரு சட்ட ஏற்பாடே அதன் உண்மையான வேர். முடிவுகளைத் தீர்மானித்தவை, வாங்க வந்தவர்களின் பெயர்களைவிட, நாடாளுமன்றச் சட்டங்களும் வாங்குபவர் யார் என்ற கேள்வியும் எரிபொருள் விலையில் அரசின் கையும் ஆகும். இக்கருத்துகளைக் கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பங்கு விலக்கல், சிறு முதலீட்டாளர், ஓப்பன் ஆஃபர், பி.பி.சி.எல்., எச்.பி.சி.எல்., ஐ.பி.பி., செபி.

முன்னுரை

பங்குச் சந்தையில் ஒரு நிறுவனம் கைமாறப்போகிறது என்ற பேச்சு எழுந்தவுடன் அதன் பங்கு விலை ஏறுவது எல்லா நாட்டுச் சந்தைகளிலும் காணப்படும் இயல்பு. வாங்குபவர் சந்தை விலையைவிடக் கூடுதலாகத் தருவார் என்பதே அதன் காரணம். ஆனால் இந்திய எண்ணெய் நிறுவனங்களில் இந்தப் பேச்சுக்குத் தனித்தன்மை உண்டு. இங்கு விற்பவர் அரசு. விற்கப்படும் நிறுவனம் ஒரு காலத்தில் சட்டம் இயற்றி அயல்நாட்டாரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்நிறுவனம் விற்கும் பொருளின் விலையில் தலையிடுவதும் அதே அரசு. எனவே இங்கு ஒரு கைமாற்றத்தை முன்கூட்டிக் கணிக்க முயல்பவர், தாம் அறியாமலே சட்ட வரலாற்றையும் அரசியலையும் கணிக்க முற்படுகிறார்.

இத்தகைய முதலீட்டாளரை வெறும் சூதாடியாகக் காண்பது எளிது. ஆயின் அவருடைய எதிர்பார்ப்பு காரணமின்றித் தோன்றியதன்று. அது எங்கே தோன்றியது, எவற்றை நம்பி வளர்ந்தது, எங்கே முறிந்தது என்பதை வரலாற்று நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நிறுவனங்களின் பிறப்பும் தேசியமயமும்

இக்கட்டுரையில் பேசப்படும் இரு நிறுவனங்களின் வேர்கள் பர்மாவில் உள்ளன. இந்தோ-பர்மா பெட்ரோலியம் என்ற ஐ.பி.பி. 1909இல் ரங்கூனில் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1886இல், பர்மா ஆயில் நிறுவனம் ஸ்காட்லாந்து வணிகர்களால் நிறுவப்பட்டிருந்தது. பர்மா ஆயிலும் ஷெல் நிறுவனமும் இந்தியாவில் எண்ணெய் விற்பனைக்காக 1928இல் இணைந்து உருவாக்கியதே பர்மா ஷெல். 1950களில் இந்த இணைப்பு பம்பாயில் ஒரு சுத்திகரிப்பு ஆலையையும் அமைத்தது.

1970களில் எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கியபோது இந்திய அரசு இத்தொழிலில் இருந்த அயல்நாட்டு நிறுவனங்களை ஒவ்வொன்றாகத் தன் உரிமைக்குக் கொண்டுவந்தது. 1974ஆம் ஆண்டின் எஸ்ஸோ கையகப்படுத்தல் சட்டம் எச்.பி.சி.எல். தோன்ற வழிவகுத்தது, 1977ஆம் ஆண்டுச் சட்டத்தால் கால்டெக்ஸ் நிறுவனத்தின் இந்தியத் தொழிலும் பின்னர் அதனோடு சேர்ந்தது. பர்மா ஷெல்லை எடுத்துக்கொள்ள 1976இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டு ஜனவரி 24ஆம் நாள் அதன் தொழில் அரசின் வசமானது. 1977 ஆகஸ்டில் பாரத் பெட்ரோலியம் என்ற பெயரைப் பெற்றது.

இச்சட்டங்கள் ஒரு குறிப்பிட்ட நோக்கத்தை முன்வைத்தன. எண்ணெய்ப் பொருள்களின் உரிமையும் கட்டுப்பாடும் பொது நலனுக்கு ஏற்பப் பகிரப்பட வேண்டும் என்பதே அது. 1990களில் இந்நிறுவனங்களின் பங்குகள் சந்தைக்கு வந்து, சிறு முதலீட்டாளர்களும் அவற்றின் உரிமையாளர்களான பின்னரும் அச்சட்டங்கள் நடைமுறையில் இருந்தன. பங்கு வாங்கியோருள் மிகச் சிலரே அவற்றை நினைவில் வைத்திருக்கக்கூடும்.

2. ஓப்பன் ஆஃபர்: எதிர்பார்ப்பின் சட்ட அடித்தளம்

ஒரு நிறுவனத்தின் பெரும்பங்கை ஒருவர் வாங்கும்போது சிறு பங்குதாரருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி இந்தியாவில் 1983இல் கூர்மை பெற்றது. அவ்வாண்டு லண்டன் தொழிலதிபர் ஸ்வராஜ் பால், எஸ்கார்ட்ஸ், டி.சி.எம். ஆகிய நிறுவனங்களின் பங்குகளைச் சந்தையில் குவித்தது பெரும் விவாதத்தை எழுப்பியது. நிறுவனக் கைமாற்றத்துக்கு முழுமையான விதிகள் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. செபி 1994இல் முதல் விதிகளை வெளியிட்டது. 1997இல் அவை விரிவாகத் திருத்தப்பட்டன. 2011இல் மீண்டும் மாற்றி எழுதப்பட்டன.

இவ்விதிகளின் மையக் கருத்து எளிமையானது. கட்டுப்பாட்டை வாங்குபவர், பெரும்பங்குதாரருக்கு மட்டும் நல்ல விலை தந்து ஏனையோரைக் கைவிடக்கூடாது. குறிப்பிட்ட அளவைத் தாண்டிப் பங்கு வாங்கினால் பொதுமக்களிடமுள்ள பங்குகளில் ஒரு பகுதியையும் வாங்க அவர் முன்வர வேண்டும். இந்த முன்வரவே ஓப்பன் ஆஃபர். 2002ஆம் ஆண்டளவில் இருந்த விதிப்படி 15 விழுக்காட்டைத் தாண்டுபவர் மேலும் 20 விழுக்காட்டுக்கு முன்வரவு தர வேண்டியிருந்தது. 2011ஆம் ஆண்டு விதிகள் இவ்வெல்லைகளை முறையே 25, 26 விழுக்காடாக உயர்த்தின.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. முன்வரவு எல்லாப் பங்குகளுக்கும் உரியதன்று. குறிப்பிட்ட விழுக்காட்டுக்கு மட்டுமே உரியது. அதைவிடக் கூடுதலாகப் பங்குகள் வந்தால், ஒவ்வொருவரிடமிருந்தும் விகிதப்படி ஒரு பகுதியே ஏற்கப்படும். எஞ்சியவை முதலீட்டாளரிடமே திரும்பும். கைமாற்றப் பேச்சு சூடுபிடிக்கும் நாள்களில் எல்லோரும் முன்வரவு விலையையே பேசினர். ஏற்கப்படும் விகிதம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. இந்நுட்பத்தின் விளைவை ஆறாம் பகுதியில் கணக்கிட்டுக் காணலாம்.

3. ஐ.பி.பி. (2002): நம்பிக்கை வேர்கொண்ட நிகழ்வு

வாஜ்பாய் அரசின் காலத்தில் பங்கு விலக்கலுக்கெனத் தனித் துறை இயங்கியது. அருண் ஷோரி அதன் அமைச்சராக இருந்தார். அதற்குச் சற்று முன்னர், 2001இல், தமிழ்நாட்டு வாசகர் நன்கறிந்த மணலி சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் சென்னை பெட்ரோலியத்தின் அரசுப் பங்கு இந்தியன் ஆயிலுக்கு விற்கப்பட்டது. அது அரசின் ஒரு பையிலிருந்து மற்றொரு பைக்கு மாறிய பரிமாற்றம். ஐ.பி.பி.யின் விற்பனையோ தனியாருக்கும் திறந்துவிடப்பட்ட போட்டி.

2002 பிப்ரவரியில் ஐ.பி.பி.யின் 33.58 விழுக்காட்டுப் பங்குக்கு வந்த விலைகள் திறக்கப்பட்டன. வென்றது இந்தியன் ஆயில். அது தர முன்வந்த தொகை ரூ.1,153.68 கோடி, ஒரு பங்குக்கு ஏறத்தாழ ரூ.1,551. அரசு மனத்தில் வைத்திருந்த குறைந்தபட்ச விலையைப் போல இது மூன்று மடங்குக்கும் மேல். விதிப்படி பொதுமக்களிடமுள்ள பங்குகளில் 20 விழுக்காட்டுக்கும் அதே விலையில் ஓப்பன் ஆஃபர் வந்தது. அதன் பின் இந்தியன் ஆயிலின் பங்கு 53.58 விழுக்காடாயிற்று.

சிறு முதலீட்டாளரின் நம்பிக்கை இங்குதான் வேர்கொண்டது எனலாம். அரசு எண்ணெய் நிறுவனம் விற்கப்பட்டால் சந்தை விலையை வெகுவாகத் தாண்டிய விலை கிடைக்கும், அவ்விலை சிறு பங்குதாரருக்கும் வந்து சேரும் என்ற இரண்டும் கண்ணெதிரே நிகழ்ந்தன. அதே ஆண்டில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்தின் 26 விழுக்காட்டை ரூ.445 கோடிக்கு ஸ்டெர்லைட் வாங்கியது. விற்காமல் வைத்திருந்த சிறு பங்குதாரர் பிற்காலத்தில் பன்மடங்கு பயனடைந்தனர். இவ்விரு நிகழ்வுகளும் சேர்ந்து ஒரு பாடமாயின.

ஆனால் அப்பாடம் முழுமையானதன்று. ஐ.பி.பி.க்கு அத்தனை உயர்ந்த விலையைத் தந்தது தனியார் முதலாளி அன்று. மற்றொரு பொதுத்துறை நிறுவனம். 2002 ஏப்ரல் முதல் எண்ணெய்த் துறையில் நிருவாக விலைமுறை முடிவுக்கு வர இருந்தது. சில்லறை விற்பனைக்குள் நுழையக் காத்திருந்த போட்டியாளர் கையில் ஆயத்தமான விற்பனை நிலையங்கள் போய்விடக் கூடாது என்ற தற்காப்பு நோக்கை அவ்விலையில் காணலாம். அத்தகைய சூழல் மீண்டும் வருமா என்ற கேள்வி அன்று பெரிதாக எழவில்லை.

4. எச்.பி.சி.எல். (2003): மறந்துபோன சட்டம்

2003 ஜனவரியில் அமைச்சரவைக் குழு பெரிய முடிவொன்றை எடுத்தது. எச்.பி.சி.எல்.லின் 34.01 விழுக்காட்டைக் கட்டுப்பாட்டுடன் சேர்த்து ஒருவருக்கு விற்பது, பி.பி.சி.எல்.லின் 35.20 விழுக்காட்டைப் பொது வெளியீட்டின் வழி சந்தையில் விற்பது என்பன அம்முடிவு. எச்.பி.சி.எல்.லில் அரசுக்கு அப்போது இருந்தது 51.01 விழுக்காடு. விற்பனை நிகழ்ந்தால் அது அரசு நிறுவனம் என்ற நிலையையே இழக்கும்.

இரு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு சிறு முதலீட்டாளருக்கு முக்கியமானது. கட்டுப்பாடு கைமாறும் எச்.பி.சி.எல்.லில் ஓப்பன் ஆஃபர் உண்டு. பலருக்குப் பிரித்து விற்கப்படும் பி.பி.சி.எல்.லில் அது இல்லை. கைமாற்றக் கணக்கு எச்.பி.சி.எல்.லையே சுற்றி வந்ததற்கு இதுவே காரணம். யார் வாங்குவார், என்ன விலை தருவார் என்ற ஊகங்கள் பெருகின.

2003 செப்டம்பர் 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் எஸ்.ராஜேந்திர பாபு, ஜி.பி.மாத்தூர் ஆகியோர் அடங்கிய அமர்வு, நாடாளுமன்றச் சட்டத்தால் பெறப்பட்ட இந்நிறுவனங்களை அச்சட்டங்களைத் திருத்தாமல் தனியார் உரிமைக்கு மாற்ற முடியாது என்று கூறியது. நிருவாக ஆணை போதும் என்ற அரசின் வாதம் ஏற்கப்படவில்லை. எச்.பி.சி.எல். பங்கு கடுமையாக வீழ்ந்தது. கூட்டணி அரசிடம் அச்சட்டங்களைத் திருத்தும் ஆற்றலோ விருப்பமோ இருக்கவில்லை; அடுத்த ஆண்டுத் தேர்தலுக்குப் பின் திட்டமே கைவிடப்பட்டது.

சந்தை பல மாதங்களாக எடைபோட்டுக் கொண்டிருந்தது வாங்குபவரின் பணப்பையை. முடிவைத் தந்ததோ, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் அச்சாகிப் பொதுவெளியில் யாவரும் படிக்கும்படி இருந்த சட்டம். இதைச் சிறு முதலீட்டாளரின் அறியாமை என்று மட்டும் கூறுவது நியாயமன்று. விற்பனையை நடத்திய அரசே அச்சட்டத்தின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிட்டிருந்தது.

5. எச்.பி.சி.எல். (2018): கைமாறியும் மாறாத உரிமை

2003இல் எழுந்த சுவர் 2016இல் ஓசையின்றி அகற்றப்பட்டது. காலாவதியானவை, பயனற்றவை என்று கருதப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட சட்டங்களை நீக்கிய 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் எண்ணெய் நிறுவனத் தேசியமயச் சட்டங்களும் இடம்பெற்றிருந்தன. அவற்றின் நீக்கம் 2019இல் பி.பி.சி.எல். விற்பனைப் பேச்சு எழுந்தபோதுதான் பரவலாகக் கவனிக்கப்பட்டது. ஒருமுறை சட்டத்தால் ஏமாந்த எதிர்பார்ப்பு, அதே சட்டம் மறைந்ததை மூன்று ஆண்டுகள் கழித்தே உணர்ந்தது.

இதற்கிடையில் 2018 ஜனவரியில் எச்.பி.சி.எல். உண்மையிலேயே கைமாறியது. அரசிடமிருந்த 51.11 விழுக்காட்டையும் ஓ.என்.ஜி.சி. ரூ.36,915 கோடிக்கு வாங்கியது. ஒரு பங்கின் விலை ரூ.473.97, இது அன்றைய சந்தை விலையைவிடக் கூடுதல். ஆனால் சிறு பங்குதாரருக்கு முன்வரவு எதுவும் வரவில்லை. வாங்கிய நிறுவனமும் விற்கப்பட்ட நிறுவனமும் ஒரே உரிமையாளரான இந்திய அரசின் கட்டுப்பாட்டில் இருப்பதால், கட்டுப்பாடு மாறியதாகவே கொள்ளப்படவில்லை.

ஐ.பி.பி. நிகழ்விலும் வாங்கியது பொதுத்துறை நிறுவனமே. அங்கு சிறு பங்குதாரருக்கு உயர்ந்த விலை கிடைத்தது. எச்.பி.சி.எல்.லில் உயர்ந்த விலை அரசுக்கு மட்டுமே கிடைத்தது. அரசின் வரவு செலவுக் கணக்கில் துண்டு விழுந்த தொகையை நிரப்ப ஓ.என்.ஜி.சி.யின் பணம் பயன்பட்டது என்ற திறனாய்வு அன்றே எழுந்தது. எவ்வாறாயினும் 'நிறுவனம் கைமாறும்' என்ற கணிப்பு முற்றிலும் சரியாக இருந்தும், அக்கணிப்பால் எதிர்பார்த்த பயன் கிட்டாமல் போகக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

6. பி.பி.சி.எல். (2019–2022): எல்லாம் கூடிவந்தும் நிகழாத விற்பனை

2019இல் சூழல் முற்றிலும் மாறியிருந்தது. தடைச்சட்டம் இல்லை. ஆளும் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தது. 2019 நவம்பர் 20ஆம் நாள் மத்திய அமைச்சரவை பி.பி.சி.எல்.லில் அரசுக்கு இருந்த பங்கு முழுவதையும் நிருவாகக் கட்டுப்பாட்டுடன் விற்க ஒப்புதல் அளித்தது. அசாமின் நுமாலிகர் சுத்திகரிப்பு ஆலை மட்டும் விலக்கப்பட்டது. விற்பனைக்கு வந்தது 52.98 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 114.9 கோடிப் பங்குகள். பொதுத்துறை நிறுவனங்கள் பங்கேற்க முடியாது என்ற நிபந்தனை, 2018இல் நிகழ்ந்தது மீண்டும் நிகழாது என்ற உறுதியையும் தந்தது. 2019 ஆகஸ்டில் ரூ.400க்குக் கீழிருந்த பங்கு நவம்பரில் ரூ.500ஐத் தாண்டியது.

அடுத்து வந்தது காத்திருப்பு. 2020 மார்ச்சில் விருப்ப விண்ணப்பங்கள் கோரப்பட்டன. அதே மாதம் பெருந்தொற்றால் சந்தை சரிந்து, பங்கு ரூ.300க்கும் கீழே சென்றது. கடைசி நாள் மே மாதத்திலிருந்து நான்குமுறை தள்ளிவைக்கப்பட்டு நவம்பர் 16இல் முடிந்தது. உலகின் பெரும் எண்ணெய் நிறுவனங்கள் வரும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. வேதாந்தா குழுமமும், அப்போலோ குளோபல், ஐ ஸ்கொயர்ட் கேபிடல் ஆகிய முதலீட்டு நிறுவனங்களின் சார்பிலானோரும் முன்வந்தனர்.

எனினும் நம்பிக்கையை உயிரோடு வைத்திருக்கும் செய்திகள் தொடர்ந்து வந்தன. 2021 பிப்ரவரி நிதிநிலை உரையில் அவ்விற்பனை 2021–22இல் முடிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. மார்ச்சில் நுமாலிகர் பங்கு ரூ.9,876 கோடிக்கு விற்கப்பட்டது. மே மாதம் ஒரு பங்குக்கு ரூ.58 இறுதி ஈவுத்தொகை பரிந்துரைக்கப்பட்டது, அதில் ரூ.35 சிறப்பு ஈவுத்தொகை. ஜூலையில் இத்தகைய நிறுவனங்களில் முழு அயல்நாட்டு முதலீட்டுக்கு வழி திறக்கப்பட்டது. ஒவ்வொன்றும் விற்பனை நெருங்குவதற்கான அடையாளமாகவே வாசிக்கப்பட்டது.

அக்காலத்து எதிர்பார்ப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அரசுப் பங்கு போக எஞ்சியது ஏறத்தாழ 47 விழுக்காடு. ஓப்பன் ஆஃபர் 26 விழுக்காட்டுக்கு. எல்லோரும் பங்குகளைக் கொடுத்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 55 பங்குகளே ஏற்கப்படும். எடுத்துக்காட்டாக, ஒருவர் ரூ.500 விலையில் 100 பங்குகளை ரூ.50,000க்கு வாங்கினார் என்றும், முன்வரவு விலை ரூ.600 என்றும், முன்வரவு முடிந்தபின் சந்தை விலை ரூ.400க்கு இறங்கியது என்றும் கொள்வோம். அவருக்கு 55 பங்குகளுக்கு ரூ.33,000 கிடைக்கும், எஞ்சிய 45 பங்குகளின் மதிப்பு ரூ.18,000. ஆக மொத்தம் ரூ.51,000. ஈவுத்தொகை நீங்கலாக, கணிப்பு பலித்த நிலையிலும் ஆதாயம் ஆயிரம் ரூபாயே. பலிக்காவிட்டால் வரும் இழப்போ இதைவிடப் பன்மடங்கு பெரியது.

விற்பனை பலிக்கவில்லை. இதற்கு எரிபொருள் விலையே மையக் காரணி எனலாம். பெட்ரோல், டீசல் விலையை நிறுவனங்களே தீர்மானிக்கும் என்பது ஏட்டளவிலான விதி. நடைமுறை வேறு என்பதை 2018 அக்டோபரில் சந்தை அறிந்திருந்தது. லிட்டருக்கு ஒரு ரூபாயை நிறுவனங்களே ஏற்க வேண்டும் என்று அரசு கூறியபோது எண்ணெய் விற்பனை நிறுவனப் பங்குகள் ஒரே நாளில் பெரும் சரிவைக் கண்டன. 2021 நவம்பர் 4 முதல் 2022 மார்ச் 22 வரை, ஐந்து மாநிலத் தேர்தல்கள் நடந்து முடிந்த காலத்தில், கச்சா எண்ணெய் ஏறியும் சில்லறை விலை நகரவில்லை. பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய பின்னரும் அதே நிலை நீடித்தது. விற்கும் பொருளின் விலையைத் தானே முடிவு செய்ய இயலாத ஒரு நிறுவனத்துக்குத் தனியார் என்ன மதிப்புத் தருவார்?

2022 மே 26ஆம் நாள் அரசு விற்பனை நடைமுறையை விலக்கிக்கொண்டது. உலக எரிசக்திச் சந்தையின் சூழல் காரணமாக, தகுதி பெற்றோரில் பெரும்பாலோர் தொடர இயலாமையைத் தெரிவித்ததே காரணம் என்று கூறப்பட்டது. அப்போது பங்கு விலை ரூ.350க்கும் கீழே. அடுத்து வந்த ஏப்ரல்–ஜூன் காலாண்டு முடிவில் பி.பி.சி.எல். ரூ.6,200 கோடிக்கு மேல் இழப்பைக் காட்டியது.

7. எதிர்பார்ப்பே தடையாதல்

இந்நிகழ்வில் அதிகம் பேசப்படாத கூறு ஒன்று உண்டு. 2011ஆம் ஆண்டு விதிகளின்படி ஓப்பன் ஆஃபர் விலைக்குப் பல அளவுகோல்கள் உள்ளன. அவற்றுள் உயர்ந்ததே குறைந்தபட்ச விலை. அவற்றுள் ஒன்று, முந்தைய அறுபது வணிக நாள்களின் சராசரிச் சந்தை விலை. அதாவது விற்பனைச் செய்தியை நம்பிச் சிறு முதலீட்டாளரும் பிறரும் ஏற்றிவிட்ட விலையே வாங்குபவர் தர வேண்டிய அடித்தள விலையாகிறது.

பி.பி.சி.எல்.லில் இதன் அளவைக் காணலாம். அரசின் 114.9 கோடிப் பங்குகளும் முன்வரவுக்குரிய ஏறத்தாழ 56.4 கோடிப் பங்குகளும் சேர்ந்து 171 கோடிக்கு மேல். பங்கு விலை ரூ.400 என்றால் வாங்குபவருக்குத் தேவை ரூ.68,000 கோடிக்கு மேல், ரூ.500 என்றால் ரூ.85,000 கோடிக்கு மேல். விலை நூறு ரூபாய் ஏறினால் வாங்குபவரின் சுமை ஏறத்தாழ ரூ.17,000 கோடி கூடுகிறது. தனியார் நிறுவனக் கைமாற்றங்களில் பேச்சு இரகசியமாக நடந்து, உடன்பாடு முடிந்த பின்னரே செய்தி வெளியாவது வழக்கம். அரசின் விற்பனையில் அமைச்சரவை முடிவே முதல் அறிவிப்பு; விலை முடிவாவது ஆண்டுகள் கழித்து. அந்த நீண்ட இடைவெளி முழுவதும் சந்தையின் எதிர்பார்ப்பு விலைக்குள் ஏறி அமர்ந்திருக்கிறது. சிறு முதலீட்டாளர் எதிர்பார்த்த கூடுதல் விலையை, அவருடைய எதிர்பார்ப்பே முன்கூட்டி உண்டுவிட்டது எனலாம்.

இச்சிக்கலைச் செபியும் உணர்ந்தது. 2022 டிசம்பரில், பொதுத்துறை நிறுவனங்களின் பங்கு விலக்கலில் அறுபது நாள் சராசரி என்னும் அளவுகோலைக் கைவிட அதன் குழு முடிவெடுத்தது. அரசுக்கும் வாங்குபவருக்கும் இது எளிமை தரும் சீர்திருத்தம். சிறு பங்குதாரரின் பார்வையிலோ இதற்கு மற்றொரு பொருளும் உண்டு: இனிச் செய்தியை நம்பி ஏற்றப்பட்ட விலையில் வாங்குபவருக்கு, அந்த விலையாவது முன்வரவில் கிடைக்கும் என்ற காப்பு இல்லை.

முடிவுரை

நான்கு நிகழ்வுகளையும் ஒருசேர நோக்கும்போது நான்கு வேறுபட்ட காரணிகள் முடிவைத் தந்தமை புலனாகிறது. ஐ.பி.பி.யில் போட்டியாளரைத் தடுக்க விரும்பிய ஒரு நிறுவனத்தின் தற்காப்பு உயர்ந்த விலையைத் தந்தது. 2003இல் தேசியமயச் சட்டம் விற்பனையை நிறுத்தியது. 2018இல் வாங்குபவர் யார் என்பது சிறு பங்குதாரரின் பங்கை இல்லாமலாக்கியது. 2022இல் எரிபொருள் விலையில் அரசின் கையும் உலகச் சூழலும் வாங்க வந்தோரை விலகச் செய்தன. ஒரு நிகழ்வில் கற்ற பாடம் அடுத்த நிகழ்வுக்கு உதவவில்லை. ஒவ்வொரு முறையும் கதவு வேறிடத்தில் அடைபட்டது.

சிறு முதலீட்டாளர் நிறுவனத்தின் மதிப்பைப் பெரும்பாலும் சரியாகவே உணர்ந்திருந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது. விற்பனை கைவிடப்பட்ட பின் கச்சா எண்ணெய் விலை தணிந்தபோது, 2023–24ஆம் நிதியாண்டில் பி.பி.சி.எல். ரூ.26,000 கோடிக்கு மேல் இலாபம் ஈட்டியது. கைமாற்றத்தை எதிர்பார்த்து வாங்கி, அது நிகழாததால் மனமுடைந்து விற்றவர் அப்பயனைத் தவறவிட்டார். ஈவுத்தொகைக்காக வைத்திருந்தவர் அதைப் பெற்றார். நிறுவனம் நல்லது என்பதும் நிறுவனம் விற்கப்படும் என்பதும் வேறுவேறு கூற்றுகள். இருபது ஆண்டுகளாகச் சந்தையின் பேச்சு இரண்டையும் ஒன்றாகவே கொண்டது.

இன்னும் ஆழமான உண்மை ஒன்றும் இவ்வரலாற்றில் உள்ளது. இந்நிறுவனங்களில் சிறு பங்குதாரரும் அரசும் உடன்பங்காளிகள். ஆனால் ஒரு பங்காளிக்கு விற்பனை நாளை முடிவு செய்யவும், தள்ளிவைக்கவும், கைவிடவும், விற்கும் பொருளின் விலையைக் கட்டிப்போடவும் ஆற்றல் உண்டு. மற்றவருக்குக் காத்திருப்பது மட்டுமே உண்டு. எண்ணெய் நிறுவனக் கைமாற்றத்தைப் பற்றிய ஊகம், அடிப்படையில், அந்த வலிய பங்காளி என்று விலகுவார் என்பதைப் பற்றிய ஊகமே. 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டிலிருந்து நீங்கிவிட்டது. ஆயினும் எண்ணெயின் மீதான உரிமையும் கட்டுப்பாடும் பொது நலனுக்குரியவை என்று அச்சட்டம் கொண்டிருந்த நோக்கை எந்த அரசும் எளிதில் கைவிடத் துணியவில்லை. 2003இல் நீதிமன்றத் தீர்ப்பாக வெளிப்பட்ட அந்நோக்கே, 2022இல் நகராத பெட்ரோல் விலையாக வெளிப்பட்டது. பங்கு விலைப்பட்டியலை மட்டும் நோக்கியிருந்தவருக்கு அது இருமுறையும் புலப்படவில்லை.